சீல் வைக்காத அறிக்கை

“டாக்டர், பதினோராம் கட்டில் குழந்தைக்கு இப்பவே ஒரு இ.சி.ஜி. எடுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் எவ்வளவு ஓங்கியிருந்தது என்று யோசலினுக்குத் தெரிந்தது. தொலைபேசியின் மறுமுனையில் சூப் உறிஞ்சும் சத்தம் நின்றது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆய்வகத் தலைவி டாக்டர் உகார்தே அவளை நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். “நாம எண் கொடுக்கிறவங்க. அதை வச்சு என்ன செய்யணும்னு மேல இருக்கிறவங்களுக்குத் தெரியும். அதை எடுங்க, இதைச் செய்யுங்கன்னு ஒரு நாளும் வார்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுடாதே.” எட்டு மாதமாக அவளும் கேட்டதில்லை. எல் ஆல்டோ நகரச் சந்தையில் பழைய துணி விற்று அவளைப் படிக்க வைத்த அம்மா வேறு தினமும் காலையில், “வாயை அடக்கிக்கோ, கிடைச்ச வேலையைக் கெடுத்துக்காதே” என்றுதான் அனுப்புவாள்.

“யாரு பேசுறது?”

“லேப். யோசலின் கல்யிசாயா.”

“ஓ, நம்ம ட்யூப் டாக்டரா!” அரமாயோ சிரித்தான். குழந்தைகள் வார்டில் இரண்டாம் வருடப் பயிற்சி மருத்துவன். “என்ன நோய்னும் நீங்களே சொல்லிடுங்க மேடம், நான் வீட்டுக்குப் போய்த் தூங்குறேன்.”

“பொட்டாசியம் எட்டு புள்ளி ஆறு. இந்த அளவுல இதயம் எப்ப வேணா நின்னுடும். சோடியம் வெறும் நூத்திப் பதினெட்டு. ரெண்டு தடவை மெஷின்ல ஓட்டிப் பார்த்துட்டேன்.”

“குதிகால்ல குத்திப் பிழிஞ்ச ரத்தம். அணு உடைஞ்சிருக்கும். சீல் அடிச்சு அனுப்புங்க.”

“உடையல டாக்டர். ட்யூப் என் கையிலதான் இருக்கு. தெளிவா இருக்கு.”

“வாந்தி எடுக்கிற குழந்தைங்க அது. வயித்துல அடைப்பு. சாயங்காலம் ஸ்கேன் இருக்கு. இ.சி.ஜி. மெஷின் மூணாவது மாடில கிடக்கு. உங்களுக்காக நான் அதை முதுகுல கட்டிச் சுமந்துட்டு வரணுமா?”

“வாந்தி எடுத்தா பொட்டாசியம் இறங்கும் டாக்டர். ஏறாது.”

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

யோசலின் ட்யூபை மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுண்டு விரல் நீளம்கூட இல்லை. அடியில் ரத்த அணுக்கள் கறுத்து இறுகியிருந்தன. மேலே நின்ற சீரம் சாமந்திப்பூத் தேநீர் போல இளமஞ்சளாக, அடி தெரிகிற தெளிவில் இருந்தது. அணு உடைந்தால் சீரம் சிவந்துவிடும். மருத்துவமனை வாசலில் விற்கிற ஊதாச் சோளக் கஞ்சி, அப்பி, அதே நிறம். “இன்னிக்கு நாலு டம்ளர் அப்பி வந்திருக்கு” என்று ஆய்வகத்தில் கேலி பேசுவார்கள். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டர் மேலே பிறக்கிற குழந்தைகளுக்கு ரத்தம் கெட்டி, குதிகாலோ குளிரில் கல்லாகக் கிடக்கும். நர்சுகள் பிழிகிற பிழியில் அணு உடையும். உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே கொட்டும். எண் பொய்யாக ஏறும். அதற்காகவே ஒரு நீல சீல் செய்து வைத்திருந்தார்கள்: ‘அணு உடைந்தது. எண் செல்லாது. மறு மாதிரி அனுப்பவும்.’

பொட்டாசியம் ஏழைத் தாண்டினால் சீல். அதுதான் வழக்கம். ட்யூபை எடுத்து யாரும் பார்ப்பதில்லை.

நானாவது பார்த்தேனா? யோசலின் தன்னையே கேட்டுக்கொண்டாள். முதல் மாதம், இரண்டாம் மாதம், எத்தனை தாள்களில் சீலை ஓங்கி ஓங்கிக் குத்தினாள்? எல்லா ட்யூபும் சிவந்துதான் இருந்தனவா? நினைவில்லை. ஒன்றுகூட நினைவில்லை.

வெளியே சுரங்கத் தொழிலாளர்களின் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. வழக்கம்போல டைனமைட் வெடித்தார்கள். கண்ணாடிகள் நடுங்கின.

“டாக்டரம்மா.”

ஆய்வக ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். ரத்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். இங்கே மாதிரியைச் சுமப்பதும் அறிக்கை வாங்கிப் போவதும் வீட்டாரின் வேலை. பெயர் கிறிஸ்தினா லருதா. பின்னலில் தூசி. முதுகில் குழந்தை சுமக்கும் வண்ணத்துணி அப்படியே கட்டியிருந்தது, உள்ளே குழந்தை இல்லாமல் தொளதொளத்து.

“ரிப்போர்ட் ஆச்சா டாக்டரம்மா? சீக்கிரம் வாங்கிட்டு வான்னு நர்சம்மா திட்டுறாங்க.”

“ஆகுதுக்கா. குழந்தை எப்படி இருக்கான்?”

“அழுவலை.” அவள் அதை ரகசியம்போலச் சொன்னாள். “நேத்து வரைக்கும் பசிக்கு அழுதான். இன்னிக்கு அழவே இல்ல. பால் கொடுத்தா பீய்ச்சி அடிக்கிறான். பொறந்தப்ப மூணு கிலோ இருந்தான், இப்ப ரெண்டரைகூட இல்ல. இன்னியோட பதினேழு நாள்.”

“பேர் வச்சாச்சா?”

“இல்ல. இருபது நாள் தாண்டட்டும்னு இருக்கேன்.”

“ஏன் இருபது?”

கிறிஸ்தினா ரவிக்கைக்குள் கை விட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே நாலாக மடித்த தாள். “இவனுக்கு முன்னால ஒருத்தன் இருந்தான். எமெத்தேரியோ. அவனும் இப்படித்தான் வாந்தி எடுத்தான். அவனும் அழுறதை நிறுத்தினான். இருபதாம் நாள் போயிட்டான். இதே ஜன்னல்லதான் ரிப்போர்ட் வாங்கினேன்.” தாளை நீட்டினாள். “பத்திரமாக் கொடுங்க. அவன் பேர் எழுதின காகிதம் இது ஒண்ணுதான் இருக்கு.”

யோசலின் மடிப்பைப் பிரித்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. பொட்டாசியம் எட்டு புள்ளி ஒன்று. சோடியம் நூற்றி இருபது. இரண்டு எண்களுக்கும் குறுக்கே நீல சீல், கோணலாக. கீழே கையெழுத்து: தெரேசா உகார்தே.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளின் குதிகாலையும் ஒரே மாதிரி பிழிந்து, ஒரே மாதிரி அணு உடைத்து, சோடியத்தையும் ஒரே மாதிரி இறக்கிவிட எந்த நர்சாலும் முடியாது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பி பிறவியிலேயே பழுதானால் உடம்பு உப்பைப் பிடித்து வைக்காது, பொட்டாசியத்தை வெளியேற்றாது. பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பைப் பார்த்தே சந்தேகம் வந்துவிடும். ஆண் குழந்தை பார்க்க நன்றாகத்தான் இருப்பான். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தி, மெலிவு, பிறகு சாவு. மூன்றாம் வருடப் பாடத்தில் அரைப் பக்கம். தேர்வில் அந்தக் கேள்விக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். மருந்து உண்டு. நேரத்துக்குக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான்.

“அக்கா, அவனுக்கு விதைப்பை, முலைக்காம்பெல்லாம் ரொம்பக் கறுப்பா இருக்கா?”

கிறிஸ்தினா மிரண்டாள். “ஆமா. எமெத்தேரியோவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நம்ம ஜாதிக் கறுப்புதான்னு டாக்டர் சிரிச்சார்.”

அந்தக் கறுப்பும் அதே நோயின் அடையாளம்தான். யோசலின் ட்யூபை எடுத்தாள். “இங்கேயே நில்லுங்க.”

டாக்டர் உகார்தே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மதிய உணவில் இருந்தார். பனியில் உலர்த்திக் கறுத்த சுன்யோ கிழங்கை முள்கரண்டியால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“அரமாயோ இப்பதான் போன் பண்ணினான். நீ அவனுக்கு உத்தரவு போட்டியாமே?”

“ட்யூபைப் பாருங்க டாக்டர்.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“ஆமா, போட்டேன். ட்யூபைப் பாருங்க.”

உகார்தே பார்க்கவில்லை. முள்கரண்டியை வைத்துவிட்டு மேஜையிலிருந்த சீலையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் நகர்த்தினார். “இருபத்தாறு வருஷமா இந்த உயரத்துல பச்சைக் குழந்தைங்க ரத்தத்தைப் பார்த்துட்டிருக்கேன் பொண்ணே. உனக்கு எட்டு மாசம். சீல் அடி. மறுபடி எடுத்து நாளைக்குக் காலைல அனுப்பச் சொல்லு.”

“நாளைக்குக் காலைல இவன் இருப்பானா?”

“நாடகம் ஆடாதே.”

யோசலின் பழைய தாளை விரித்து அவர் முன்னால் வைத்தாள். அதன் மேல் ட்யூபைக் குறுக்கே கிடத்தினாள். உருண்டுவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். இளமஞ்சள் வழியே நீல சீலின் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

“இவனோட அண்ணன். கையெழுத்து உங்களோடது.”

உகார்தே குனிந்தார். தேதியையும் கையெழுத்தையும் பார்த்தார். ஊர்வலம் அருகில் வந்துவிட்டது போலும். அடுத்தடுத்து இரண்டு வெடி. முள்கரண்டி தட்டில் அதிர்ந்தது.

“அன்னிக்கு ட்யூபைத் தூக்கிப் பார்த்தீங்களா டாக்டர்?”

“ஒரு நாளைக்கு இருநூறு ட்யூப் வருது.”

“இதைப் பார்த்தீங்களா?”

“மறு மாதிரி அனுப்பவும்னு எழுதித்தானே கொடுத்திருக்கேன்! அவங்க அனுப்பல. அதுக்கு நானா பொறுப்பு?” குரல் கிறீச்சிட்டது. அவர் உடனே கதவுப் பக்கம் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்ற கிறிஸ்தினாவை. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இது தெளிவா இருக்குன்னு நீ எழுதிட்டா…”

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. இந்த ட்யூப் உண்மை சொன்னால் அந்த ட்யூபும் உண்மைதான் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்னால் வந்தவையும். அலமாரியில் வருடவாரியாக அடுக்கியிருந்த பதிவேடுகள் ஒவ்வொன்றிலும் எத்தனை நீல சீல் இருக்கும் என்று யோசலினுக்கே தெரியாது. இத்தனை நாள் இந்த அம்மாள் மீது அவளுக்கு இருந்தது வெறும் கோபம். இப்போது பார்த்தால் அந்த அம்மாள் தன்னைவிடவும் பயந்து போயிருந்தார். அது கோபத்தைக் குறைக்கவில்லை. கூட்டியது.

“வெள்ளிக்கிழமை உன் ஒப்பந்தம் புதுப்பிக்க என் மேஜைக்கு வருது, யோசலின்,” என்றார் உகார்தே தணிந்த குரலில். “உங்க அம்மா உன்னைப் பத்தி எவ்வளவு பெருமையாச் சொன்னாங்க தெரியுமா? யோசிச்சுப் பாரு. சீல் இல்லாம அந்தத் தாள் வெளியே போகக் கூடாது.”

யோசலின் சீலை எடுத்தாள். உகார்தே மூச்சு விட்டார். அவள் அதைக் கொண்டுபோய்க் கழுவுத் தொட்டிக்குள் போட்டாள். பிறகு நின்றபடியே புதிய அறிக்கையை இழுத்து, பேனா அழுந்த எழுதினாள்: ‘சீரம் தெளிவு. அணு உடையவில்லை. எண்கள் உண்மை. உயிருக்கு ஆபத்து.’ கீழே தன் முழுப் பெயர், பதிவு எண். கடைசி எண் கோணியது. அதன் மேலேயே திருத்தி எழுதினாள்.

“உன்னால வார்டுக்குள்ள கால் வைக்க முடியாது,” என்றார் உகார்தே. “அரமாயோ உள்ள விடமாட்டான்.”

“நான் வார்டுக்குப் போகல. தீவிர சிகிச்சைக்குப் போறேன். இ.சி.ஜி. மெஷினும் அங்கதான் இருக்கு.”

இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்து, ட்யூபைக் கோட்டின் மார்புப் பையில் நிமிர்த்தி வைத்தாள். மூன்று மாடி. குழந்தைகளைத் தவிர வேறு யாரிடமும் மரியாதையாகப் பேசாத ஒரு கிழட்டு டாக்டர் அங்கே இருக்கிறார் என்று கேள்வி. கத்துவார். கத்தட்டும். ட்யூபைப் பார்த்தபடி கத்தினால் போதும்.

ஜன்னலுக்கு வெளியே கிறிஸ்தினா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். “டாக்டரம்மா, என் காகிதம்…”

“என்கிட்ட இருக்கு. திருப்பித் தருவேன். நீங்க இப்பவே கட்டிலுக்குப் போங்கக்கா. பிள்ளை சட்டையை அவிழ்த்து மார்பைத் துடைச்சு வைங்க. நான் மெஷினோட வர்றேன்.”

“நான் போய்ச் சேர்றதுக்குள்ள…” கிறிஸ்தினா கம்பியை விடவில்லை.

“ஓடுங்க.”

அவள் ஓடினாள். காலித்துணி முதுகில் அடித்துக்கொண்டது. பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து உகார்தே யோசலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு முறை, பிறகு இன்னும் சன்னமாக இன்னொரு முறை. யோசலின் மார்புப் பையைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி, மாடிப்படியை நோக்கி நடந்தாள்.