அஞ்சு பேர் சேரட்டும்

என் மகளுக்கு ஒன்பதாவது மாதத்தில் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை ஊசியைப் பதினான்கு மாதமாகியும் போடவில்லை. அசட்டையாக இருந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று புதன்கிழமைகள் கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அரைநாள் விடுப்பு வாங்கி வந்தேன். மூன்று முறையும் சுகாதார நிலையத்தில் ஊசி போடும் சிஸ்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

நாலாவது முறை நான் போனபோது எங்கள் தெருவிலேயே ஒரு குழந்தை தட்டம்மை கண்டு, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தது.

"ரெண்டு பிள்ளைங்கதான் வந்திருக்கு. அஞ்சு பேராவது சேரணும்," என்றார் சிஸ்டர், மருந்து இருந்த ஐஸ் பெட்டியைத் தொடாமலே. "ஒரு பாட்டில்ல பத்துப் பேருக்கு மருந்து. ஒடைச்சா நாலு மணி நேரந்தான் தாங்கும். மிச்சத்தக் கொட்டினா மேல பதில் சொல்றது யாரு? அடுத்த வாரம் வாங்கம்மா."

"இன்னும் மூணு பேர் வந்தா போடுவீங்களா?"

"போடுவேன்."

"எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"பன்னெண்டு."

மணி பத்தரை. பெஞ்சில் இருந்த இன்னொரு பிள்ளையின் அம்மா, காய்கறிக்காரி, "நீ போக்கா, நான் இங்கேர்ந்து அசைய மாட்டேன்," என்றாள். மகளை இடுப்பில் இருத்திக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தேன்.

பாதி வீடுகள் பூட்டியிருந்தன. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். திறந்திருந்த முதல் வீட்டுக்காரி, "எம்பையன் நல்லா ஓடியாடுறானே, எல்லா ஊசியும் முடிஞ்சிருக்கும்," என்றாள். மெத்தைக்கு அடியிலிருந்து தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தால் கடைசிக் கட்டங்கள் காலி. செருப்பை மாட்டிக்கொண்டு உடனே வந்தாள். அடுத்தவள் தையல்காரி. அட்டை தொலைந்துவிட்டதாம், திட்டுவார்கள் என்ற பயத்தில் ஊசி போடவே வரவில்லையாம்.

"திட்டினா நான் வாங்கிக்கறேன். பிள்ளையத் தூக்கிட்டுக் கெளம்பு."

மூன்றாவது வீட்டில் பிள்ளையின் அப்பா வாசலை மறித்து நின்றார். "போன தடவ ஊசி போட்டு ராத்திரியெல்லாம் காய்ச்சல். பட்டது போதும்."

"அந்தக் காய்ச்சல் மறுநாளே விட்டுடுச்சா இல்லையாண்ணே? அங்க ஒரு பிள்ள பத்து நாளா ஆஸ்பத்திரில கெடக்கு."

முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்தினார். அதற்குமேல் தட்டுவதற்கு வீடு இல்லை, நேரமும் இல்லை.

திரும்பி வந்து சிஸ்டர் முன்னால் நின்றேன். வியர்வை வழிந்தது. "எல்லாஞ் சேந்து நாலு பிள்ளைங்கதான். நான் நகரப் போறதில்ல சிஸ்டர். ஒடைங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார்.

என் மகளுக்குத்தான் முதல் ஊசி. வீல் என்று கத்தினாள். நிம்மதியோடு அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். அதன்பிறகுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாலு பேருக்கு ஒடைக்கலாம்னா, அன்னைக்கு ஒருத்திக்கும் ஒடைச்சிருக்கலாமே?"

"ஒடைச்சிருக்கலாம்." சிஸ்டர் தலை நிமிரவில்லை. "ஒத்தப் பிள்ள வந்தாலும் ஒடைக்கணும்னுதான் உத்தரவு. ஆனா மருந்து வீணாச்சுன்னா மீட்டிங்ல நிக்க வெச்சுக் கேப்பாங்க. அந்த பயந்தான்."

ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்கார வேண்டும். சிஸ்டர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆறு பேருக்கு மருந்து இருக்கு. சாயந்தரம் வரைக்கும் நான் இருக்கேன். திருப்பி அனுப்பினவங்களக் கூப்பிடலாம்னா..." பக்கங்களை மறுபடி புரட்டினார். "போட்டுக்கிட்டவங்க பேரத்தான் எழுதியிருக்கேன். அவங்கள எழுதி வெக்கவே இல்லையே."

"நான் அவங்க கூடத்தான் பெஞ்சுல உக்காந்திருந்தேன். எழுதுங்க," என்றேன். "டீக்கடைக்காரர் வீட்டு ரெட்டைப் பிள்ளைங்க."