வலது ஓரத்துக் கருவிகள்

பள்ளிக்கூடங்களில் அவளைச் சிரிப்பு டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பாடம் நடத்துகிறவள் அல்ல. வருஷத்துக்கு ஒருமுறை காமிராவோடு வந்து, பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக வரிசையில் நிறுத்தி, எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவள். எடுப்பது அவள், திருத்துவது அவள் புருஷன். தொழிலில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். மூடிய கண்ணைத் திறந்து வைப்பதும், முகத்தில் விழுந்த மர நிழலைத் துடைத்து எடுப்பதும் அவருடைய கைவேலை. வீட்டிலிருந்த பெரிய கம்ப்யூட்டர் பக்கம் அவள் போனதே இல்லை. போனாலும், "நீ தொட்டா கலர் மாறிடும்" என்று கேலி பேசி விரட்டிவிடுவார்.

அந்த மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சும் வலது கையும் பிழைத்துக்கொண்டன. பயிற்சி கொடுத்து நடக்க வைக்கிற மருத்துவமனை பக்கத்து நகரத்தில் இருந்தது. வாரத்தில் பாதி அங்கே, பாதி பள்ளிக்கூடங்களில் என்று அவள் ரயிலில் அலைந்தாள். எடுத்த படங்கள் திருத்த ஆளில்லாமல் குவிந்தன. அவள் அலைச்சலைப் பார்த்துவிட்டு, தம்பி தன்னுடைய சின்ன லேப்டாப்பைக் கொடுத்தான். வெளியூர் போகும்போது எடுத்துப்போக வாங்கியது. கைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது. அதன் சக்தியும் அந்த அளவுக்குத்தான்.

மாஸ்டர் பழகிய பெரிய சாஃப்ட்வேரை முதலில் அதில் ஏற்றிப் பார்த்தாள். ஒரு படத்தைத் திறப்பதற்குள் அடிப்பாகம் தோசைக்கல்லாகச் சுட்டது. இரண்டாவது படத்தில் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. இதற்கு ஏற்றபடி இலேசான சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்று தம்பி சொல்லி, தேடித் தேடி மூன்றை ஏற்றிக் கொடுத்தான். எது நல்லது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மாஸ்டரையே கேட்டுவிடலாம் என்று மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கேட்டால் அவருக்கும் கொஞ்சம் தெம்பு வரும் என்று ஒரு நினைப்பு.

முதல் சாஃப்ட்வேர் சட்டென்று திறந்தது. படம் நகர்ந்ததும் தெரியவில்லை, பெரிதானதும் தெரியவில்லை, அவ்வளவு வேகம். மாஸ்டர் திரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பிரஷ் எங்க? வெட்டுறதுக்கு எங்க? ஒரு டூலும் இல்லாம இத வெச்சு என்ன பண்றது? சும்மா படம் பாத்துக்கிட்டு உக்காரலாம்."

டூல்கள் எல்லாம் இடது ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. தனக்குப் பதிலாக அவள் உட்காரப்போகிறாள் என்ற கோபத்தில் குத்திக்காட்டுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாயைக் கொடுக்காமல் இரண்டாவதைத் திறந்தாள். அதற்கும் அதே குறை. இந்த மனுஷன் பிடிகொடுக்கப் போவதில்லை என்று எரிச்சலோடு மூன்றாவதைத் திறந்தாள். மூன்றிலும் மட்டம் அதுதான். ஒவ்வொரு தரமும் யோசித்து யோசித்து அசையும். ஆனால் மாஸ்டர் முகம் மலர்ந்தது. இதில் டூல்கள் வலது ஓரத்தில் இருந்தன.

"இதான் சாமான்" என்றார். "மவுசக் குடு."

விழுந்த நாளிலிருந்து அவர் எதையும் கேட்டு வாங்கியதில்லை. ஒரு வகுப்புப் படத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அன்று மதியம் முழுக்க அவர் வேலை செய்தார். சோர்ந்து, பெருமூச்சு விட்டு, மறுபடி குனிந்தார். கடைசியில், முடிந்தது, வந்து பார் என்று கூப்பிட்டார்.

வந்து பார்த்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த ஆசிரியையைத் தாண்டித் திரையின் வலப்பக்கம் இருந்த பிள்ளைகள் எல்லாம் வெயிலில் நின்றதுபோலத் தெளிவாக இருந்தார்கள். அவர் கைநேர்த்தி துளியும் குறையவில்லை. இடப்பக்கத்துப் பிள்ளைகள் நிழலிலேயே இருந்தார்கள். மாஸ்டர் கை அவர்கள்மேல் படவே இல்லை.

"இந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"எந்தப் பக்கம்?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணை வராந்தாவில் பிடித்து விசாரித்தாள். கண்ணில் கோளாறு இல்லையாம். மூளை இடப்பக்கத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லையாம். அங்கே ஒன்று விட்டுப்போகிறது என்பதும் அவருக்குத் தெரியாதாம். தட்டில் பாதிச் சாப்பாட்டை அவர் மிச்சம் வைப்பதைக் கவனித்தீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். அவளும் கவனித்திருந்தாள். பசியில்லை போலிருக்கிறது என்று விட்டிருந்தாள்.

அவரிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ரயிலில் போகும்போது ஒரு யோசனை தோன்றியது. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால், விட்டுப்போன பிள்ளைகள் வலப்பக்கம் வந்துவிடுவார்கள் அல்லவா? அடுத்த முறை அப்படித் திருப்பி வைத்து, இது வேறு வகுப்பு என்று சொல்லி அவர்முன் நீட்டினாள். அவரும் நம்பி ஆரம்பித்தார். ஒவ்வொரு முகமாக நிழலைத் துடைத்துக்கொண்டே வந்தார். இந்த வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம் உம்மணாமூஞ்சிகள், உன் சிரிப்பு இங்கே எடுபடவில்லை என்று கேலிகூடச் செய்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

முன்வரிசைக் கோடியில் ஒரு சிறுமி வகுப்பின் பெயர் எழுதிய பலகையைப் பிடித்திருந்தாள். படத்தைத் திருப்பும்போது அதை அவள் மறந்தே போயிருந்தாள். மாஸ்டர் கை அங்கே நின்றது.

"எழுத்து ஏன் திரும்பியிருக்கு?"

அவளால் பூசி மெழுக முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

அவர் சத்தம் போடவில்லை. படத்தை நேராக்கச் சொன்னார். நேராக்கினாள். பலகையைத் தேடினார், கிடைக்கவில்லை. அவருடைய விரலைப் பிடித்துத் திரையில் இடது பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டு போனாள். விரலைத் தொடர்ந்து தலையும் திரும்பியது. முகங்கள் ஒவ்வொன்றாக அவருக்குத் தட்டுப்பட்டன. கோடியிலிருந்த சிறுமியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். "மொதல்ல ரெண்டு காட்டினியே. அதுல டூல் எல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கோவத்துல சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அவர் தலையாட்டினார். பழைய வாடிக்கைக்காரரிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"இது வேணாம். ஆமை மாதிரி நகருது, ரயில்ல உனக்கு உயிர் போயிடும். மொதல்ல திறந்தியே, அதையே வெச்சுக்கோ. இதத் தூக்கிடு."

அப்புறம் தூக்கிவிடலாம் என்றாள். இப்போதே என்று பிடிவாதமாக நின்றார். அவர் கண்முன்னாலேயே அந்தச் சாஃப்ட்வேரை அழித்தாள். மீதி முகங்களின் நிழலை எப்படி எடுப்பது என்று அவர் சொல்லிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் படுக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவளாகவே கற்றுக்கொண்டாள். முதலில் பிள்ளைகளின் முகங்களெல்லாம் வெளிறிப்போய் மாவு அப்பியதுபோல வந்தன. போகப்போகக் கை படிந்தது. அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒரு குறையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். எந்த முகம் யார் கைவேலை என்று யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதை மாஸ்டரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று வழி நெடுக யோசித்துவிட்டு, சொல்லாமலே இருந்துவிட்டாள்.

அவருக்கு இப்போது செய்தித்தாள் வாசிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வரியையும் எங்கே தொடங்குவது என்று தெரிய, பத்தியின் இடது ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுக்கிறார்கள். அவர் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்து வாசிக்கிறார். நாலைந்து வரியில் களைத்துப்போய்த் தாளை மடியில் வைத்துவிடுகிறார். பக்கத்து நாற்காலியில் அவள் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன படம் என்று அவர் கேட்பதில்லை.