பொறி இல்லாத குடுவை

நோட்டீசின்படி, 1971 பிப்ரவரி ஏழாம் தேதி ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் காஞ்சிபுரத்தில் உயிர் தோன்ற இருந்தது. தலைமை, கல்லூரித் தாளாளர் உமாபதி. முன்னிலை, வரவேற்புரை, நாதஸ்வரம் எல்லாம் போட்டு மீந்த இடத்தில், பொடி எழுத்தில், ‘செய்முறை: செல்வி கனகமாலா’.

உமாபதிக்கு ராஜ வீதியில் பெரிய பட்டுக் கடை. கனகமாலா வேதியியல் துறையில் தற்காலிக செய்முறை ஆசிரியை. மார்ச்சோடு வேலை முடிகிறது. தாமல் ஏரிப் பாசனத்தில் நெல் போடும் சமணக் குடும்பத்துப் பெண். புழுவோடு கூட்டைக் கொதிக்க வைத்து எடுப்பது என்பதால் அந்த வீட்டில் யாரும் பட்டு உடுத்துவதில்லை. பட்டே கட்டாமல் இந்த ஊரில் ஒரு பெண் நடமாடுவதுதான் விஞ்ஞான அதிசயம் என்பது உமாபதியின் கருத்து.

பூமி இளசாக இருந்தபோது காற்றில் பிராணவாயு கிடையாது. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி, இவற்றில் மின்னல் விழுந்து விழுந்து உயிருக்கு மூலப்பொருளான அமினோ அமிலங்கள் உண்டாகியிருக்கலாம் என்று அமெரிக்காவில் குடுவைக்குள் செய்து பார்த்திருந்தார்கள். கனகமாலாவும் செய்தாள். மின்பொறிக்கான சுருளை இயற்பியல் துறையிடமிருந்து இரவல் வாங்க மூன்று கடிதம் ஆயிற்று. சோதனைக்கு ஒரு வாரம்தான். தேங்கிய நீரை அம்மோனியா போகும்வரை வற்றவைத்து, ஒரு சொட்டைத் தாளில் இட்டு, நின்ஹைட்ரின் தெளித்து, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினாள். அமினோ அமிலம் இருந்தால் ஊதா வரும். வந்தது, கத்திரிக்காய் போல.

“உயிரைக் கண்டுபுடிச்சாச்சு,” என்றார் உமாபதி.

“உயிர் இல்ல சார். உயிர் கட்டற செங்கல்லு.”

“செங்கல் வந்துட்டா வீடு வராதா? மார்ச்சுல உன்ன நிரந்தரம் பண்ணிடறேன்மா.” அன்றே நோட்டீஸ் அச்சுக்குப் போனது.

கனகமாலாவுக்கு ஒரு கெட்ட பழக்கம், சந்தேகம். அதே குடுவை, அதே வாயு, அதே கொதிப்பு. பொறி மட்டும் இல்லாமல் இன்னொரு வாரம் ஓட்டினாள். சனிக்கிழமை காலை அந்தத் தாளும் ஊதாவாயிற்று.

ஆய்வகப் பணியாளர் கலியனைக் கூப்பிட்டாள். “கலியண்ணே, இந்தக் கண்ணாடி மூட்டுல இன்னா சுத்தியிருக்குது?”

“கோராப்பட்டும்மா. ஒழுகிக்கினு இருந்துது. பருத்தி நூலு ஊறிப் போயிடும். பட்டச் சுத்தி மேல மெழுகு வச்சேன், கப்புனு நின்னுது.”

“கோராப்பட்ட அம்மோனியா ஆவியில காட்டினா இன்னா ஆவும்?”

கலியன் நெசவுக் குடும்பம். கோரா என்னும் காய்ச்சாத பட்டைச் சோடாத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் கோந்து கரைந்து நாலில் ஒரு பங்கு எடை போய்விடும் என்பது அவர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அம்மோனியாவும் சோடாவைப் போலக் காரம். அந்தக் கோந்து புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை.

“கோந்து எறங்கிடும்,” என்றார். “ரெண்டு வாரமா நம்ம பட்டுதான் காய்ச்சிக்கினு இருந்தமா?”

உமாபதி அசரவில்லை. “ஊதா வந்துதா இல்லியா?”

“மின்னல் இல்லாமயும் வந்துது சார்.”

“அது இன்னும் விசேஷமாச்சே.”

“அது பட்டுப்புழுவோட கோந்து சார்.”

“கலெக்டர் ஆபீசுலேர்ந்து ஆளுங்க வராங்க. மொத தாளக் காட்டு. ரெண்டாவதப் பொட்டியில வை. மார்ச்சு ஞாபகம் இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை உமாபதி நாற்பது நிமிஷம் பேசினார். பூமி குளிர்ந்ததில் தொடங்கி, தம் தாத்தா கடை திறந்தது வரை பரிணாமம் தடையில்லாமல் நடந்தது. பிறகு கனகமாலா எழுந்து இரண்டு தாள்களையும் உயர்த்திக் காட்டினாள்.

“இது பொறி போட்டது. இது போடாதது. ரெண்டும் ஒரே ஊதா. மூட்டுல பட்டு இருந்துது. அதனால நாங்க இன்னும் ஒண்ணும் கண்டுபுடிக்கல.”

கூட்டம் முடிந்ததாக நினைத்து நாதஸ்வரம் மங்களம் தொடங்க, யாரோ கையமர்த்தினார்கள்.

தறிக்குப் பாவு நூல் ஓட்டும் இந்திராணி முன்வரிசையில் எழுந்தாள். “ஏம்மா, பட்டும் மின்னல்ல வர்றதும் ஒரே சரக்கா?”

“பட்டு இழையில பாதிக்கு மேல ரெண்டே ரெண்டு அமிலம்தாம்மா. மின்னல்லயும் அந்த ரெண்டுதான் அதிகமா வருதுன்னு எழுதியிருக்காங்க.”

“அப்ப, பூச்சி பொறக்கறதுக்கு முந்தியே பட்டுக்குச் சரக்கு ரெடியா இருந்துச்சின்னு சொல்லு. ஆண்டவன் நல்ல யேவாரிதான்.” சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: “பட்ட எடுத்துட்டுக் குடுவையத் திரும்ப ஓட்டு. பாவு அறுந்தா எழுந்து ஊட்டுக்கா போயிடறோம்? முடிச்சுப் போட மாட்டமா?”

கைதட்டல் எழுந்தது. எந்தக் கைதட்டலையும் வீணாக்கும் வழக்கம் உமாபதிக்கு இல்லை. “நானும் அதத்தான் சொல்ல வந்தேன்,” என்றார் ஒலிபெருக்கியைப் பிடித்து. “மூட்டே இல்லாம மொத்தமும் ஒரே கண்ணாடியா, மெட்ராஸ்ல ஊதி வாங்கித் தரேன்.”

புதுக் குடுவை மூன்று வாரத்தில் வந்தது. கோயில் ட்யூப்லைட்டில் போடுவதுபோல அதன்மேல் ‘உபயம்: உமாபதி’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதில் என்ன அமிலமோ என்று கலியன் ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்தார்.

இம்முறை பொறியில்லாத வாரம் முதலில். தாள் வெள்ளையாகவே இருந்தது. அடுத்து பொறி வாரம். உமாபதியும் வந்து நின்றார். இஸ்திரிப் பெட்டி இரண்டு முறை போய்வந்தது. நாவல் பழம் தின்ற நாக்கைக் கழுவிய பிறகு மிஞ்சுமே, அந்த அளவுக்கு ஒரு புள்ளி.

“இவ்ளோதானா? போன தடவ ஜோரா இருந்துதே.”

“போன தடவ புழு பண்ணது சார். இது யாரும் பண்ணல. தானா வந்துது.”

உமாபதி தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு முழு நிமிஷம் பேசவில்லை. பார்த்தவர்கள் இருவருமே இதற்குச் சாட்சி. பிறகு, நிரந்தரத்துக்குக் கமிட்டி ஒத்துக்கொள்ளாது, ஒரு வருஷம் நீட்டித் தருகிறேன் என்று சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

“அழுத்திக் கேட்டிருக்கலாமேம்மா,” என்றார் கலியன், உமாபதி படி இறங்கியதும்.

“வருஷத்துக்கு அம்பது குடுவ ஓட்டலாம் அண்ணே,” என்றாள் கனகமாலா. “அடுத்ததுல கொஞ்சம் எரிமலைப் புகை சேத்துப் பாக்கலாமா? கந்தகம் எங்க இருக்குது?”