அண்ணியின் நாலு சட்டை

கரும்பலகையில் தினமும் மாலையில் எண்ணி எழுதுவது நான்தான். என் தையற்கூடத்தில் நாலு பேர். மூன்று பேர் ஆளுக்குப் பத்து சட்டை தைத்தால் என் அண்ணி மட்டும் நாலு. ஓட்டல் சீருடை வேலை கொடுத்தவர் ஒரு நாளைக்கு நாற்பது கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதைத் தொட்டுக் காட்டாவிட்டால் வேலை கைமாறிவிடும். நானும் ஒருவரை நிறுத்தியாக வேண்டும். யாரை என்று பலகையே சொன்னது. அண்ணனோ கால் முறிந்து வீட்டில் கிடக்கிறார். அங்கே அடுப்பெரிவது அண்ணியின் உழைப்பில்தான்.

பழைய மெஷின்தான் மக்கர் செய்கிறதென்று அண்ணிக்குப் புது மோட்டார் மெஷின் வாங்கிப் போட்டேன். அதிலும் நாலேதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அண்ணி, எப்பப் பாத்தாலும் கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்துறீங்க. நாளைக்கு இடத்த விட்டு எந்திரிக்கவே கூடாது."

"சரி தம்பி" என்றார்.

மறுநாள் அண்ணி எட்டு சட்டை தைத்தார். மீசையை முறுக்கிக்கொண்டு மற்றவர்களுடையதை எண்ணினேன். ஆளுக்கு ஏழு. மொத்தம் இருபத்தொன்பது. முந்தின நாள் முப்பத்திநாலு.

"மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டு ஏமாத்துறீங்களா?"

அவர்களில் வாய்த்துடுக்கான பெண்ணுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"அடிநூல் தீந்தா பாபின் உருளையில யாரு சுத்திக் குடுப்பா? நீங்க வெட்டிப் போட்ட துணிய யாரு பிரிச்சு எடுத்துட்டு வருவா? எல்லாம் உங்க அண்ணி செஞ்சாங்க. அவங்கள நீங்க கட்டிப் போட்டுட்டீங்க. இப்ப நாங்க நாள் பூரா எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறோம்."

ஆறு மாதமாக என் மூக்குக்குக் கீழே நடந்ததை நான் வெட்டி நடை என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"ஏன் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சட்டையத்தானே எண்ணுனீங்க தம்பி."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. புது மெஷினில் ரேடியோவை உட்கார வைத்தேன். அவளுடைய பழைய மெஷினை அடிநூல் சுற்றுவதற்கென்றே அண்ணியிடம் விட்டேன். மற்ற மூவரும் அன்று இருக்கையை விட்டு எழவே இல்லை.

மாலையில் நாற்பத்தொன்று. நம்பாமல் இரண்டு முறை எண்ணினேன். ரேடியோவுக்குப் பதினைந்து, மற்ற இருவருக்கும் பதிமூன்று, பதிமூன்று என்று எழுதிவிட்டு அண்ணியின் வரிசைக்கு வந்தபோது என் கை நின்றது. அவர் ஒரு சட்டைகூடத் தைக்கவில்லை.

"என்ன யோசனை? அவங்க பேருக்கு நேரா நாப்பத்தொண்ணுன்னு எழுதுங்க" என்றாள் ரேடியோ.

எழுதினேன். அண்ணி பலகையைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு வரும்போது பத்து பாபின் கூடுதலா வாங்கிட்டு வாங்க தம்பி. காலையிலேயே சுத்தி வச்சிட்டா நாப்பத்தஞ்சு வரும்."