வாளிக்குக் கட்டிய வலை

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாக வரவேண்டியதே இல்லை. வீட்டுத் தொட்டியில் சிறிய சிக்லிட் மீன்களைப் பெருக்குவது எப்படி என்று ஒரு சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இப்படித் தொடங்கியது:

"பாண்டிருப்பில் வாங்கிய கிரிபென்சிஸ் சோடி, செடிகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்த சிரட்டைக்குள் முட்டையிட்டது. பெண்ணின் வயிறு செக்கச் சிவந்திருந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. இந்தச் சோடிக்கு உயிருள்ள இரை கொடுத்தால்தான்

அங்கே நின்றுவிட்டேன். உயிருள்ள இரை என்றால் நுளம்புப் புழு.* அது வளர்ந்தது என் பப்பாசி மரத்தடியில் இருந்த நீல வாளியில்.

(* மாரி காலத்தில், டெங்கு பரவும் ஊரில், நுளம்புப் புழு வளர்ப்பது குற்றம். எனக்குத் தெரியும். நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன்.)

2.

கதையில் நாலு பேர்: நான், என் மனைவி சுல்பிகா, பக்கத்து வளவு பளீல், அவனுடைய ஏழு வயது மகள் ஸம்றா. ஸம்றா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். டெங்கு. இன்று ஐந்தாம் நாள். பிளேட்லெட் நேற்றைவிடக் குறைந்துவிட்டது.

(அவளைக் கற்பனைப் பாத்திரமாக்கிப் பார்த்தேன். பெயரை மாற்றினேன், வயதைக் கூட்டினேன். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை.)

வாளியில் புழு தெரிந்ததும் வலை கட்டிவிடுவேன், ஒன்றும் நுளம்பாகிப் பறக்காதபடி. முதல் மூன்று வரைவுகளிலும் அந்த வலை இறுக்கமாக இருக்கிறது. மூன்றாவதில் இரட்டை வலை. சுல்பிகா வாசித்துவிட்டுத் தாள்களை மேசையில் போட்டாள்.

"இஞ்ச, வலைய எப்ப கழட்டின நீங்க?"

"கதைக்கு அது தேவல்ல."

"ஒரு மாசமா அந்த வாளி தொறந்துதான் கெடந்த. கதையில மட்டும் வடிவாக் கட்டி வெச்சிரிக்கீங்க."

3.

சரி. நாலாவது வரைவு.

தொட்டியில் அந்தச் சோடி மட்டும் இல்லை. குப்பி, மொலி எல்லாம் ஒன்றாகத்தான் நீந்தின. குஞ்சுகள் வெளியே வந்த அன்று ஸம்றா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். தாய்மீன் பாய்ந்து பாய்ந்து துரத்தியும், ஒரு மொலி பின்னால் வந்து குஞ்சொன்றை விழுங்கிவிட்டது.

"பெரியவாப்பா, திங்குது! மறிங்க அத!"

தொட்டியை இரண்டாக மறிக்க வலை வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்றுதான். வாளியிலிருந்து அவிழ்த்தேன். ஸம்றா அப்படி அழுதபடியால்தான் நான்

[இந்த வரியை இதோடு விடுகிறேன். பழி ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் போய் விழுகிறது.]

வாளிக்கு வேறு வலை நாளைக்கு வாங்கலாம் என்று நினைத்தேன். வாங்கவில்லை. புழுவைத் தினமும் அள்ளினேன். அள்ளாமல் விட்டவை பறந்திருக்கும். மீன்குஞ்சுகளில் அதன் பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை.

4.

ஸம்றாவுக்கு டெங்கு என்று தெரிந்த அன்றே வாளியை மணலில் கவிழ்த்தேன். தேய்த்துக் கழுவிக் குசினிக்குள் வைத்தேன். மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார்.

"சேர், ஒங்கட வளவு மாதிரி எல்லாரும் வெச்சிரிந்தா எங்களுக்கு வேலையே இல்ல."

அடுத்தது பளீலின் வளவு. பூச்சாடித் தட்டொன்றில் நாலைந்து புழு. எச்சரிக்கைத் துண்டு எழுதி அவன் கையில் கொடுத்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

நுளம்புக்கு விலாசம் கிடையாது. என் வாளியா, அவன் தட்டா, தெருக்கோடி வடிகானா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த நியாயத்தைப் பல விதமாக எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. எதை வாசித்தாலும் சோறு இறங்குவதில்லை.

5.

முடிவுகள்.

அ) ஸம்றா சுகமாகி வந்து தொட்டிக்கு முன்னால் நிற்கிறாள். நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லாத முடிவு. அதனால்தான் இதை முதலில் எழுதினேன்.

ஆ) நான் சொல்கிறேன். பளீல் என் தொட்டியை உடைக்கிறான். (இதில் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிகிறேன். கவனித்திருப்பீர்கள்.)

இ) எழுத மாட்டேன். யா அல்லாஹ், இதை எழுத மாட்டேன்.

6.

இவ்வளவும் எழுதி முடிப்பதற்குள் பளீலே வந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறான். யன்னலுக்கு வெளியே பப்பாசி மரத்தடியில் நிற்கிறான்.

"காக்கா, கொழுந்து கொஞ்சம் முறிச்சிக்கிறன். சாறு குடுத்தா நல்லமாம். டொக்டர்மாரு கண்டா ஏசுவாங்க."

"முறி, முறி. புள்ளைக்கு எப்பிடி?"

"பிளேட்லெட் இன்னம் எறங்குதாம்." ஒரு கொழுந்தை முறித்தான். "என்ட வளவுலதானே காக்கா புழு இருந்த. அவட உம்மா என்னோட கதைக்கிறல்ல. என்ட புள்ளைய நானே..."

அவன் காலடியில், வாளி இருந்த இடம் வட்டமாக வெளிறிக் கிடக்கிறது. அங்கே இன்னும் புல் முளைக்கவில்லை. அவன் குனிந்து பார்த்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. பார்க்கவில்லை என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

சுல்பிகா என் பின்னால் வந்து நிற்கிறாள். இந்தத் தாள்களை மடித்து அவனிடம் கொடுத்துவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வாசிக்கிற நெலமையிலயா அவன் இரிக்கான்? வாயால சொல்லுங்க."

பளீல் கொழுந்துகளைச் சாரத்து மடியில் போட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போகிறான்.

எழுதிக்கொண்டே ஒருவனைக் கூப்பிட முடியாது. பேனையை வைக்கிறேன். திரும்பி வந்து நான் ஒரு முடிவை எழுதினால் தயவுசெய்து நம்பாதீர்கள். மூன்று தரம் வலை கட்டியதும் இதே கைதான். பளீலின் வீடு அடுத்த வளவு. நான் சொன்னேனா என்று அவனிடம் கேளுங்கள்.