இஸ்திரி போடறேன்!

...அப்படியானால் ஃப்ரிட்ஜும் இல்லை என்று மனதுக்குள் ஒரு கோடு அடித்துக்கொண்டாள், அது பாவம், முனகுமே தவிர யாரையும் கவிழ்க்காது, முன்னறை ஃபேனும் இல்லை, டிவியும் இல்லை, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாயிற்று, வாசல் கதவுக்கு மேலே கரண்ட் பெட்டியில் டிரிப்பரின் அந்தக் கறுப்புக் குமிழ் நிமிர்ந்தபடியே நிற்கிறது, இப்போது மட்டும் பரம சாது மாதிரி. பத்து நாளாக இதே கூத்துதான். காலை எட்டரை வாக்கில் டக்கென்று ஒரு சத்தம், கரண்ட் போய் வீடு மொத்தமும் அடங்கிப்போகும், அவள் முக்காலியை இழுத்துப்போட்டு ஏறிக் குமிழை மேலே தள்ள வேண்டும், அறுபத்தாறு வயதில் இது ஒரு உடற்பயிற்சி. எலக்ட்ரீசியன் டிரிப்பரையே புதிதாக மாற்றிவிட்டுப் போனான், அதுவும் விழுந்தது. "ஒயர்ல ஒண்ணும் இல்லம்மா, லோடு தாங்காமத்தான் விழுது. ஹீட்டரும் இஸ்திரியும் ஒரே லைன். ரெண்டையும் ஒண்ணா போட்டுடறீங்களோ?" என்று அவன் கேட்டதற்கு அவனை என்ன பாடு படுத்திவிட்டாள்... "முப்பது வருஷமா இந்த வீட்ல இருக்கேன், இது எனக்குத் தெரியாதா?" அவன் தலையைச் சொறிந்துகொண்டு, எதுல விழுதுன்னு பாத்து வைங்க, நாளைக்குப் பதினோரு மணிக்கு வரேன் என்று போய்விட்டான். அவனைக் கோபித்து என்ன, கோபமெல்லாம் பெரியவள் மேல்தான், போனில் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அம்மா, அப்பாவை ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடலாமா என்று கேட்டாளே, அதன் மேல். கடைக்குப் போனவர் வெறுங்கையோடு வந்து, எதுக்கு அனுப்பினே என்று கேட்டது யாருக்கும் நடக்காததா? சின்னவன் போன் செய்தபோது யாருங்க பேசறது என்றது... லைன் சரியில்லாமல் இருந்திருக்கும். ஒயர் எரிந்துபோயிருக்கட்டும், சுவரை உடைத்து மாற்றட்டும், வீடு முழுக்கத் தூசி பறக்கட்டும், கூட்டித் துடைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போனது ஒயராக இருக்க வேண்டும், அவராக இருந்துவிடக் கூடாது.

மிக்சியும் ஓடியது, குமிழ் அசையவில்லை. அந்தக் காலத்தில் இது விழாத நாள் உண்டா, அப்போது டிரிப்பர் ஏது, ஃபியூஸ்தான், ஐந்து பேர், ஒரே ஹீட்டர், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவசரம், பெரியவளுக்குக் கல்லூரி, நடுவுலவனுக்கும் சின்னவனுக்கும் பள்ளிக்கூடம், அவருக்கு டிப்போ. பஸ் டிப்போவில் டைம் கீப்பர், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சீட்டு எழுதிய கை வீட்டில் சும்மா இருக்குமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஹீட்டருக்கு அட்டவணை போட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டிவிட்டார், ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், பெரியவள் எட்டு இருபதிலிருந்து எட்டு முப்பத்தைந்து. பிள்ளைகள் அவர் காதுபடாமல் அவருக்கு டிப்போ என்றே பெயர் வைத்துவிட்டார்கள், டிப்போ வருது, டிப்போ பாக்குது என்று... அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். இஸ்திரி போடுவதற்கு முன்னால் கத்திச் சொல்ல வேண்டும், அது இந்த வீட்டுச் சட்டம். "இஸ்திரி போடறேன்!" என்று அவள் உள்ளறையிலிருந்து குரல் கொடுப்பாள், முன்னறையிலிருந்து பேப்பரைத் தாழ்த்தாமலே அவர் "போடு" என்பார், அல்லது "இரு" என்பார். இரு என்றால் இருக்க வேண்டும், மாமியாரே வந்து சொன்னாலும் போடக்கூடாது. ஒருநாள் பெரியவள் தலை நிறைய சோப்போடு இருக்கும்போது நடுவுலவன் கேட்காமல் இஸ்திரியைப் போட்டு, ஃபியூஸ் போய், அவள் உள்ளேயிருந்து போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு... அப்புறம் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள், கதவு அட்டவணையும் ஈரத்தில் ஊறி உதிர்ந்தது, வீட்டில் இரண்டே பேர், போடறேன் என்று யாரிடம் கத்துவது, எப்போது நிறுத்தினாள் என்றே ஞாபகம் இல்லை.

இனி பாக்கி இஸ்திரிப்பெட்டிதான். ஹீட்டரை ஆறரைக்கு அவர் குளித்து வந்ததும் தன் கையாலேயே அணைத்தாயிற்று, அதில் சந்தேகமே இல்லை. உள்ளறைக்குப் போய் இஸ்திரியின் பிளக்கைச் செருகி ஸ்விட்சைத் தட்டினாள், டக். வீடு அடங்கியது. அடி சக்கை என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், இஸ்திரிதான், இந்தப் பாழாய்ப்போன இஸ்திரிதான், இத்தனை நாள் சோறு போட்ட வீட்டையே கவிழ்த்திருக்கிறது! தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டால் முடிந்தது கதை, இப்போதே பெரியவளுக்குப் போன் செய்து, பார்த்தாயாடி, அப்பாவை என்னமோ சொன்னாயே என்று நாலு வார்த்தை கேட்க வேண்டும், மனசு பஞ்சாகிப் பறந்தது, முக்காலியை எடுக்கக் குளியலறை வழியாகப் போனாள்... நின்றாள். ஹீட்டர் ஸ்விட்ச் போட்டபடி இருந்தது. கதவுக் கொண்டியில் காய்ந்த துண்டு ஒன்று, நாலாக மடித்து, விளிம்பு விளிம்போடு சேர்த்துத் தொங்கியது. அப்படி மடிப்பது அவர் ஒருவர்தான். அவள் மிக்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எழுந்து வந்திருக்கிறார், போட்டிருக்கிறார், போய் உட்கார்ந்திருக்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், எட்டு இருபத்திரண்டு.

ஹீட்டரை அணைத்தாள், முக்காலி ஏறினாள், குமிழைத் தள்ளினாள், ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, அவர் பேப்பர் படபடத்தது, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளறைக்குத் திரும்பி இஸ்திரி ஸ்விட்சில் கை வைத்தாள், ஏன் அப்படிச் செய்தாள், சோதிக்கவா, இல்லை பழைய வாய் தானாகத் திறந்துகொண்டதா, "இஸ்திரி போடறேன்!" என்று உரக்கக் கத்திவிட்டாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தப் பழைய குரல், துளித் தயக்கம் இல்லாமல், "இரு, இரு, பெரியவ குளிக்கப் போறா. அவ வந்ததும் போட்டுக்கோ."

பெரியவளுக்கு நாற்பத்திரண்டு வயது, விமானம் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறாள், இதைப் போய்ச் சொல்ல வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு... பதினோரு மணிக்கு எலக்ட்ரீசியன் வந்து, எதுலம்மா விழுது என்று கேட்பான், அவனுக்கு என்ன பதில் சொல்வது? பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று அசைந்தது, அது பொறாமை என்று புரிந்தபோது அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. அவருடைய வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள்.

"சரிங்க" என்று குரல் கொடுத்தாள். ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தாள். எட்டு முப்பத்தைந்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.