ஏழாம் மெஷினின் கார்டு

ஜோஸ்னாவின் கம்ப்யூட்டரைத் திறந்து தூசு தட்டிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே இருந்த நெட்வொர்க் கார்டைப் பார்த்தேன். புத்தம் புதியது. அதில் ஒட்டியிருந்த எண்ணை வாசித்துவிட்டுச் சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தேன். மறுபடியும் கார்டைப் பார்த்தேன். அந்த எண் பட்டியலிலேயே இல்லை.

பாறசாலையில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. இணையத்தின் பழைய முகவரிகள் ஒருநாள் தீர்ந்துபோகும், புது முறைக்கு மாற வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, 1999 ஓணம் விடுமுறையில் பத்து மெஷின்களையும் மாற்றினேன். கேரளத்திலேயே நாம்தான் முதல் என்று கேண்டீனில் பீற்றிக்கொண்டதும் உண்டு. பழைய முறையில் ஒவ்வொரு மெஷினுக்கும் கையால் முகவரி கொடுப்போம். புதியதில் மெஷினே தன் கார்டில் பதிந்த, இங்கிலீஷ் எழுத்தும் கலந்த எண்ணை எடுத்துத் தனக்கு முகவரி உண்டாக்கிக்கொள்ளும். ஜோஸ்னா ஒவ்வொரு கார்டாக வாசித்துச் சொல்ல, நான் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவள் ஆரியங்கோட்டிலிருந்து வரும் தற்காலிக உதவியாளர். ஜனவரியில் நிரந்தரமாக வேண்டியவள்.

போன மாதம் மூன்றாம் வருடத்து மார்க் முழுவதும் சர்வரிலிருந்து அழிந்துபோனது. அழித்த மெஷினின் முகவரி சர்வரில் பதிவாகியிருந்தது. பட்டியலில் அது ஏழு, ஜோஸ்னாவின் மெஷின்.

"நான் அழிக்கேல்ல சாரே. எனக்க மெஷினில அந்த ஃபைலே கெடையாது" என்றாள்.

பிரின்சிபல் சதாசிவன் சார் என்னைப் பார்த்தார். "நம்பர் பொய் சொல்லாது சார்" என்றேன். அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள்.

இப்போதுதான் அந்த ஐப்பசி இடி ஞாபகம் வந்தது. இங்கே மேகம் இருட்டினாலே டிவி, போன் எல்லாவற்றின் வயரையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அன்று நான் மறந்துபோனேன். என் மெஷினின் கார்டு கருகிவிட்டது. ஜோஸ்னா தன் சர்ச்சின் அறுப்புப் பண்டிகைக்கு லீவு போட்டிருந்தாள். அவசரத்துக்கு அவளுடைய கார்டைக் கழற்றி என் மெஷினில் போட்டேன். இரண்டு நாள் கழித்து வந்த புதியதை அவளுடையதில் செருகினேன். பட்டியலைத் திருத்தவில்லை.

என் மெஷினைத் திறந்து கார்டை உருவினேன். பட்டியலில் ஏழாவதாக இருந்த எண்தான். மார்க் அழிந்த அந்தச் சாயங்காலம், சர்வரில் இடம் போதவில்லை என்று என் மெஷினிலிருந்து பழைய ஃபைல்களை அள்ளிக் களைந்தது நான். என்னென்ன என்று பார்க்கக்கூட இல்லை.

"சாரே, எனக்க குடை இங்க கெடக்கு. எடுத்துட்டுப் போறேன்."

வாசலில் ஜோஸ்னா. குடையை எடுத்தவள், திறந்து கிடந்த இரண்டு மெஷின்களையும் என் கையையும் பார்த்தாள். பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"மூணு, ஈ, ஏழு, ஏ. இது ஏழாம் மெஷினுக்க கார்டுல்லா? நான்தானே வாசிச்சுத் தந்தேன். இது எப்பிடி உங்க மெஷினில?"

"பிரின்சிபல் ரூமுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கார்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. வாசலைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன்.

அவள் வரவில்லை. மடக்கிய குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரில் என் கையெழுத்தில் திருத்தப்படாமல் இருந்த பட்டியலை முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.